உலக அரசியல் நம் ரிங்கிட்டைத் தொடும் வழிகள்: புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

2023 ஜூலை 20-ஆம் தேதி இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 1-ஆம் தேதி, மலேசியாவுக்குள் அரிசி இறக்குமதி செய்யும் உரிமையைத் தனியாக வைத்திருக்கும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஏற்றியது. விலை ஏறியது இறக்குமதி அரிசிக்குத்தான். ஆனால் கடைகளில் காணாமல் போனது உள்ளூர் அரிசி.

காரணம் சிக்கலானதல்ல. உள்ளூர் வெள்ளை அரிசிக்கு அரசு விலைக் கட்டுப்பாடு உண்டு. அப்போது 10 கிலோ மூட்டை 26 வெள்ளி, அதாவது 26 ரிங்கிட். பக்கத்து அடுக்கில் இறக்குமதி அரிசி எகிறியதும் எல்லாரும் 26 வெள்ளி மூட்டைக்குப் பாய்ந்தார்கள். உள்ளூர் அரிசியை இறக்குமதி மூட்டையில் மாற்றிக் கட்டினால் லாபம் என்ற சபலமும் பிறந்தது. அதிகாரிகள் ஆலைகளிலும் கிடங்குகளிலும் சோதனைக்கு இறங்கினார்கள். இத்தனைக்கும் மூலம் டெல்லி. எல் நினோவால் மழை பொய்க்கும் என்ற பயம், அடுத்த ஆண்டு பொதுத் தேர்தல், அதற்குள் உள்நாட்டு அரிசி விலையை அடக்கியாக வேண்டிய அவசரம். தேர்தல் முடிந்து, 2024 செப்டம்பர் கடைசியில் தடை நீங்கியது.

வெளிநாட்டுச் செய்தியைப் படிக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்பது "யார் பக்கம் நியாயம்?" என்பது. கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கோலாலம்பூரில் உங்கள் கைப்பணம் என்ன ஆகும் என்பதற்கு அது பதில் சொல்லாது. அதற்கு வேறு இரண்டு கேள்விகள் தேவை: இந்தச் செய்தி எந்த வழியாக இங்கே வரும், வந்து சேர எவ்வளவு நாள் ஆகும்.

முதல் படி: ஐந்து எண்களைக் குறித்து வையுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், இவற்றை எழுதுங்கள்: ஒரு அமெரிக்க டாலருக்கு எத்தனை ரிங்கிட், ஒரு சிங்கப்பூர் டாலருக்கு எத்தனை ரிங்கிட், உலக எண்ணெய் விலைக்கு அளவுகோலான பிரென்ட் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் எத்தனை டாலர், செம்பனை எண்ணெய் ஒரு டன் எத்தனை ரிங்கிட், அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட்டின் வட்டிக்கும் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டியான ஓபிஆருக்கும் உள்ள இடைவெளி. நாணய மதிப்பை பேங்க் நெகாரா இணையத்தளத்திலும், செம்பனை விலையை புர்சா மலேசியாவின் முன்பேர வணிகப் பக்கத்திலும் பார்க்கலாம். செம்பனைக்கு உலகமே பார்க்கும் விலை இங்கே, ரிங்கிட்டில்தான் நிர்ணயமாகிறது. நம் ஊரில் முடிவாகி வெளியே போகும் உலக விலை வேறு அதிகம் இல்லை.

சிங்கப்பூர் டாலர் எதற்கு என்று தோன்றலாம். அமெரிக்க டாலரை மட்டும் பார்த்தால் நோய் எங்கே என்று தெரியாது. அமெரிக்க டாலருக்கு எதிராக ரிங்கிட் விழுகிறது, ஆனால் சிங்கப்பூர் டாலர், தாய்லாந்து பாட், இந்தோனேசிய ரூப்பியா ஆகியவற்றுக்கு எதிராக அப்படியே நிற்கிறது என்றால் மாறியது அமெரிக்கா. அவற்றுக்கு எதிராகவும் விழுந்தால் காரணத்தை இங்கே தேட வேண்டும். "நாடு திவாலாகப் போகிறது" என்று வாட்ஸ்அப்பில் வருவதில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையிலேயே அடிபட்டுப் போகும்.

நாள்காட்டியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஃபெட் ஆண்டுக்கு 8 முறை கூடும். முடிவு நமக்கு வியாழன் விடியற்காலை 2 மணிக்கு வரும், அமெரிக்கக் குளிர்காலத்தில் 3 மணிக்கு. பேங்க் நெகாராவின் கூட்டம் ஆண்டுக்கு 6. அறிக்கை பிற்பகல் 3 மணிக்கு. செம்பனை இருப்புக் கணக்கு மாதந்தோறும் 10-ஆம் தேதியை ஒட்டி வரும்.

இரண்டாம் படி: எந்த வழி என்று பிரியுங்கள்

அரசியல் பணத்தைத் தொடும் வழிகள் நான்கு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான செய்திகள் அதற்குள் அடங்கிவிடும். வட்டி, பணம் அனுப்பும் பாதை, சரக்கு, கடன் கொடுத்தவரின் நம்பிக்கை. சில செய்திகள் இரண்டு மூன்று வழிகளில் ஒரே நேரத்தில் வரும். ஒவ்வொன்றின் வேகமும் வேறு: வட்டியும் நம்பிக்கையும் நிமிடக் கணக்கில் பாயும், பணப்பாதை நாள் கணக்கில் அடைபடும், சரக்கு வாரங்கள் எடுக்கும்.

வட்டி வழி

ரிங்கிட்டுக்கு மற்ற மூன்றையும்விட இதுதான் பெரியது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படை அனுப்பியது. எண்ணெயும் கோதுமையும் ஏறின. அமெரிக்காவில் ஏற்கெனவே தலைதூக்கியிருந்த விலையேற்றம் இன்னும் மோசமானது. அதை அடக்க ஃபெட் வட்டியை 2022 மார்ச்சில் இருந்த 0–0.25 சதவீதத்திலிருந்து 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்கு ஏற்றியது. நம் ஓபிஆர் அதே காலத்தில் 1.75-லிருந்து 3.00 வரைதான் ஏறியது. அதாவது பணத்தை டாலரில் வைத்திருந்தால் ஆண்டுக்கு இரண்டே கால் சதவீதமாவது கூடுதல். வெளிநாட்டு முதலீட்டாளர் மட்டும் இதைப் பார்க்கவில்லை. நம் ஏற்றுமதி நிறுவனங்களும் சம்பாதித்த டாலரை ரிங்கிட்டாக மாற்றாமல் வைத்திருந்தன. 2022 மார்ச்சில் 4.20 அளவில் இருந்த டாலர், 2024 பிப்ரவரியில் ஏறக்குறைய 4.80-ஐத் தொட்டது. 1998-க்குப் பிறகு அவ்வளவு மோசமான நிலை அதுதான். அரசு சார்ந்த நிறுவனங்கள் வெளிநாட்டு வருமானத்தைக் கொண்டுவந்து மாற்ற வேண்டும் என்று அரசும் பேங்க் நெகாராவும் வற்புறுத்தியது அந்தக் கட்டத்தில்தான்.

பேங்க் நெகாராவும் 5 சதவீதத்துக்கு ஏற்றியிருக்கலாமே? கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 லட்சம் வெள்ளி வீட்டுக் கடன், 30 ஆண்டு. வட்டி 3.25 சதவீதமாக இருந்தால் மாதத் தவணை சுமார் 1,741 வெள்ளி. நடந்த 1.25 சதவீத ஏற்றத்துக்குப் பிறகு, 4.5 சதவீதத்தில், சுமார் 2,027. மாதம் 285 வெள்ளிக்கு மேல் கூடுதல். அமெரிக்க வட்டியை அப்படியே துரத்தியிருந்தால் இது இன்னும் எங்கேயோ போயிருக்கும். 2023 முடிவில் மலேசியக் குடும்பங்களின் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 84 சதவீத அளவில் இருந்தது. ஆக, வீடு வாங்கியவரைக் காப்பாற்றவா, நாணயத்தைக் காப்பாற்றவா என்ற கேள்வியில் அடியை ரிங்கிட் வாங்கிக்கொண்டது. இதைப் பொருளாதார விதி என்று மட்டும் பார்க்கக் கூடாது. யார் வலியைத் தாங்குவது என்கிற அரசியல் தேர்வும் கூட.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. புதியவர்கள் இதை மனப்பாடமே செய்துவிடலாம். நிலையான நாணய மதிப்பு, சொந்த வட்டி விகிதம், பணம் தடையின்றி உள்ளே வந்து வெளியே போகும் சுதந்திரம். இந்த மூன்றில் எந்த நாடும் இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும். இன்றைய மலேசியா பின்னிரண்டை வைத்துக்கொண்டு மதிப்பை மிதக்க விட்டிருக்கிறது. 1998-இல் வேறு இரண்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

இந்த வழியில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அறிவிப்பு வந்த பிறகு கிளம்புவார்கள். ஃபெட் வட்டியைக் குறைத்தது 2024 செப்டம்பர் 18-இல்; ரிங்கிட் ஏறத் தொடங்கியது ஜூலையிலேயே. செப்டம்பர் முடிவில் டாலர் 4.12-க்கு வந்துவிட்டது. சந்தை எதிர்பார்த்தது நடந்தால் விலை பெரிதாக அசையாது, எதிர்பார்ப்பு பொய்த்தால்தான் அசையும். 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்கா மலேசியப் பொருள்களுக்கு 24 சதவீத வரி என்று அறிவித்தபோது ரிங்கிட் சரியும் என்றே பலரும் நினைத்தார்கள். அடுத்த ஒரு மாதத்தில் ரிங்கிட் பலப்பட்டது, ஏனென்றால் அந்த அறிவிப்பு அமெரிக்காவின் மீதே ஐயத்தைக் கிளப்பி டாலரை எல்லாருக்கும் எதிராக இறக்கியது.

பணம் அனுப்பும் பாதை

பினாங்கிலிருந்து துபாய்க்கு 20,000 டாலர் அனுப்புகிறீர்கள். பணம் நேராக மேற்கே போவதில்லை. உங்கள் வங்கி நியூயார்க்கில் ஒரு பெரிய வங்கியில் கணக்கு வைத்திருக்கும். பெறுபவரின் வங்கியும் அப்படியே. டாலர் கைமாறுவது அந்த இரண்டு கணக்குகளுக்கு இடையில், அமெரிக்க மண்ணில். பெல்ஜியத்தில் தலைமையகம் கொண்ட, வங்கிகளை இணைக்கும் ஸ்விஃப்ட் அமைப்பு சுமப்பது செய்தியை மட்டும்தான், பணத்தை அல்ல. இந்த ஏற்பாடுதான் அமெரிக்காவின் கையில் உள்ள பெரிய ஆயுதம். சூடான், ஈரான், கியூபா தொடர்பான தடைகளை மீறியதற்காக பிஎன்பி பரிபாஸ் என்ற பிரெஞ்சு வங்கி 2014-இல் 8.9 பில்லியன் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. பிரெஞ்சு வங்கி, ஆனால் டாலர் நியூயார்க் வழியே போயிருந்தது.

அதே பாதை நமக்கு உதவியதும் உண்டு. மலேசிய அரசின் 1எம்டிபி முதலீட்டு நிதியிலிருந்து திருடப்பட்ட பணம் டாலராக அமெரிக்க வங்கிகள் வழியே ஓடியதால்தான் 2016 ஜூலையில் அமெரிக்க நீதித்துறையால் சொத்துப் பறிமுதல் வழக்குகளைத் தொடுக்க முடிந்தது.

2022-இல் ரஷ்யா மீது எடுத்த நடவடிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. சில வங்கிகளை ஸ்விஃப்ட்டிலிருந்து நீக்கியதோடு, ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 300 பில்லியன் டாலர் கையிருப்பையும் மேற்கு நாடுகள் முடக்கின. "நம் கையிருப்பு டாலரும் யூரோவும் உண்மையில் நம்முடையதுதானா?" என்று பல தலைநகரங்களில் கேள்வி எழுந்தது. 2022 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் உலக மத்திய வங்கிகள் 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கியதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா நகைக் கடைப் பலகையில் ஏறிய விலையில் அதன் பங்கும் இருக்கிறது.

மலேசியாவின் அதிகாரப்பூர்வ நிலை, ஐக்கிய நாடுகள் சபை விதித்த தடைகளை மட்டுமே ஏற்பது. 2024 மே மாதம் அமெரிக்க நிதியமைச்சு அதிகாரிகள் வந்தபோதும் உள்துறை அமைச்சர் அதையேதான் சொன்னார். ஆனால் உங்கள் வங்கி அப்படி இருக்க முடியாது. நியூயார்க் கணக்கு போனால் அதன் தொழிலே போய்விடும். அரசு "பரவாயில்லை" என்றாலும் வங்கி "முடியாது" என்று சொல்வது இதனால்தான். கிளை அதிகாரியிடம் சத்தம் போட்டுப் பயனில்லை.

சிறு இறக்குமதியாளர் செய்ய வேண்டியது என்ன? பிஸ்தா, குங்குமப்பூ, பேரீச்சை போன்ற சரக்கு துபாய் விற்பனையாளரிடமிருந்து வந்தாலும், விளைந்த நாடு ஈரான் என்றால் டாலர் கட்டணம் நடுவழியில் நிற்கும். முன்பணம் அனுப்புவதற்கு முன்பே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: விளைந்த நாட்டுச் சான்றிதழ், கப்பல் பெயரும் ஏற்றிய துறைமுகமும், விற்கும் நிறுவனத்தின் உரிமையாளர்கள் யார் என்ற விவரம். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். அமெரிக்க விதிப்படி, தடைப்பட்டியலில் உள்ளவர்களுக்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருக்கும் நிறுவனம், அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், தடைக்கு உட்பட்டதே. கட்டண விவரத்தில் "சரக்கு" என்று ஒற்றைச் சொல் எழுதாதீர்கள். பொருளின் பெயர், விலைப்பட்டியல் எண், தேதி எழுதுங்கள். பெயர் ஒத்துப்போனதால் மட்டும் நின்ற பணம், பெறுபவரின் முழு முகவரியும் பதிவு எண்ணும் கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் விடுபடும். விளைந்த நாட்டை மாற்றி எழுதித் தப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். நின்ற பணம் திரும்பி வரவும் கூடும். பொய்ப் பத்திரம் கொடுத்ததற்குக் கணக்கையே மூடுவார்கள்.

டாலரைத் தவிர்க்கும் பாதைகளும் மெல்ல வருகின்றன. சீனா 2015-இல் தன் யுவான் பரிமாற்ற அமைப்பைத் தொடங்கியது. இந்தியாவோடு ரூபாயிலேயே வணிகக் கணக்கு முடிக்கலாம் என்று 2023 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. கோலாலம்பூரில் உள்ள இந்தியா இன்டர்நேஷனல் பேங்க் ஆஃப் மலேசியா அதற்கான சிறப்பு ரூபாய்க் கணக்கைத் திறந்தது. சின்ன வியாபாரிக்கு இது உதவுமா என்றால், இந்தியாவில் வாங்கவும் விற்கவும் இரண்டும் செய்பவருக்கு உதவும். வாங்க மட்டும் செய்பவர் எப்படியும் ரிங்கிட்டை ரூபாயாக மாற்ற வேண்டும், அந்த மாற்று விலை இன்னும் டாலர் வழியாகத்தான் கணக்காகிறது.

சரக்கு வழி

அரிசியைப் பார்த்துவிட்டோம். அதே வழி எதிர்த்திசையிலும் ஓடும். 2019 செப்டம்பரில் ஐ.நா. சபையில் காஷ்மீர் பற்றிப் பிரதமர் மகாதீர் பேசியது டெல்லிக்குக் கசந்தது. பிறகு இந்தியாவின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் விமர்சித்தார். 2020 ஜனவரி 8-ஆம் தேதி இந்தியா சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஆணையில் மலேசியாவின் பெயரே கிடையாது. ஆனால் இந்தியாவுக்குச் சுத்திகரித்த எண்ணெயை அதிகம் விற்றுக்கொண்டிருந்தது மலேசியா. இந்தோனேசியா பெரும்பாலும் கச்சாவாக விற்றது. ஆணையைப் படிப்பவர் பெயரைத் தேடாமல், எந்த வகைச் சரக்கு என்று தேட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பிப்ரவரியில் மகாதீர் பதவி விலகினார், மே மாதம் மலேசியா இந்தியாவிடம் ஒரு லட்சம் டன் அரிசி வாங்க ஒப்பந்தம் போட்டது, இந்திய வியாபாரிகளும் செம்பனைக்குத் திரும்பினார்கள்.

பெட்ரோலுக்கு ஒரு எளிய கணக்கு. ஒரு பீப்பாய் 159 லிட்டர். பிரென்ட் 80 டாலர், டாலர் 4.50 ரிங்கிட் என்றால் கச்சா மட்டும் லிட்டருக்கு 2 வெள்ளி 26 காசு. அதே 80 டாலர், டாலர் 4.10 என்றால் 2 வெள்ளி 6 காசு. இதன்மேல் சுத்திகரிப்புச் செலவும் நிலையத்தின் பங்கும் சேரும். மத்திய கிழக்கில் ஒன்றுமே நடக்காமல் 20 காசு மாறுகிறது பாருங்கள். பெட்ரோல் மானியத்துக்கான புடி 95 திட்டம் 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கியபோது குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மற்றவர்களுக்கு 2 வெள்ளி 60 காசு. மானியம் வாங்குபவருக்கு இந்த ஏற்ற இறக்கம் நிலையத்தில் தெரியாது. அரசின் பட்ஜெட்டில் தெரியும். வேலை அனுமதியில் இங்கே இருப்பவருக்கு உடனே தெரியும்.

நம்பிக்கை வழி, அது திரும்பிப் பாயும் விதம்

இதுவரை அரசியல் பணத்தை அசைத்ததையே பார்த்தோம். நான்காவது வழியில் பணம் அரசுகளையே அசைக்கும்.

1956-இல் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டன் எகிப்துக்குள் இறங்கியபோது பவுண்டு ஆட்டம் கண்டது. பன்னாட்டு நாணய நிதியக் கடனுக்கு அமெரிக்கா குறுக்கே நின்றது. பிரிட்டன் போரை நிறுத்தியது. அந்த நிதியத்தில் இன்று பெரிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும், அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் அது நினைத்தால் தடுத்துவிட முடியும். 2022 செப்டம்பர் 23-இல் பிரிட்டனின் புதிய அரசு, கடன் வாங்கி வரியைக் குறைப்பதாக அறிவித்தது. அரசுக் கடன் பத்திரங்களை விற்றுத் தள்ளினார்கள். அக்டோபர் 20-இல் பிரதமர் லிஸ் டிரஸ் பதவி விலகல் அறிவித்தார். இலங்கை 2022 ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்றது, ஜூலையில் அதிபர் நாட்டைவிட்டே போனார்.

நமக்கு நெருக்கமானது 1997–98. தாய்லாந்து 1997 ஜூலை 2-இல் பாட்டை மிதக்க விட்டது. 2.50 அளவில் இருந்த ரிங்கிட், 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. தாய்லாந்து, இந்தோனேசியா, தென் கொரியா மூன்றும் பன்னாட்டு நாணய நிதியத்திடம் போயின. 1998 ஜனவரியில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ குனிந்து கையெழுத்துப் போட, நிதியத்தின் தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு மேலே நின்று பார்க்கும் படம் ஆசியா முழுக்கப் பரவியது. மே மாதம் எரிபொருள் மானியம் வெட்டப்பட்டது, கலவரம் வெடித்தது, 21-ஆம் தேதி சுகார்த்தோ போனார்.

மலேசியா நிதியத்திடம் போகவில்லை. 1998 செப்டம்பர் 1-இல் மூலதனக் கட்டுப்பாடு. மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 என்று மதிப்பை நிலையாகக் கட்டியது. வெளிநாட்டில் கிடந்த ரிங்கிட் ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டும் என்றார்கள். பங்குச் சந்தையில் இருந்த வெளிநாட்டுப் பணம் ஓராண்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். மேலே சொன்ன மூன்றில், பணத்தின் போக்குவரத்துச் சுதந்திரத்தைக் கைவிட்டு மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டார்கள். அதே செப்டம்பர் 2-இல் துணைப் பிரதமரும் நிதியமைச்சருமான அன்வார் பதவி நீக்கப்பட்டார். நிதிக் கொள்கைச் சண்டையும் அதிகாரச் சண்டையும் ஒரே வாரத்தில் முடிச்சுப்போட்டுக்கொண்டன, எது எதற்குக் காரணம் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். 3.80 கட்டு அவிழ்ந்தது 2005 ஜூலை 21-இல், சீனா தன் யுவானைத் தளர்த்திய அதே நாளில். அந்தக் காலத்தின் மிச்சம் இன்றும் உண்டு: ரிங்கிட்டை வெளிநாட்டுச் சந்தைகளில் வாங்கி விற்பதை பேங்க் நெகாரா அங்கீகரிப்பதில்லை.

மூன்றாம் படி: ஒரு செய்தியை எடுத்து அலசுங்கள்

செங்கடலில் சரக்குக் கப்பல்கள் மீது தாக்குதல் என்று செய்தி. 2023 நவம்பரிலிருந்து நடந்தது அதுதான். எந்த வழி? சரக்கு. அடுத்து வரைபடத்தை எடுங்கள். ஐரோப்பாவிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டும், 10 முதல் 14 நாள் கூடுதல். சென்னையிலிருந்து வரும் கப்பல் செங்கடலைத் தொடுவதே இல்லை. அப்படியானால் லிட்டில் இந்தியா பருப்பு விலைக்கு இதில் சம்பந்தமில்லையா? நேரடியாக இல்லை. ஆனால் கப்பல்கள் நீண்ட சுற்றில் மாட்டிக்கொண்டால் காலிக் கொள்கலன்கள் நேரத்துக்குத் திரும்பாது, எல்லாப் பாதைகளிலும் கட்டணம் ஏறும். 2024-இல் கிள்ளான் துறைமுகத்தில் நெரிசலும் சேர்ந்தது. ஆக, ஐரோப்பிய இயந்திர உதிரிபாகத்துக்கு அடி நேராக விழும், இந்தியப் பருப்புக்குச் சுற்றி வளைத்து, குறைவாக, சில வாரம் கழித்து. "செங்கடல் பிரச்சினை, அதனால்தான் விலை" என்று மொத்த வியாபாரி மறுநாளே சொன்னால், ஏற்கெனவே கிடங்கில் இருந்த சரக்கு எப்படி விலை ஏறியது என்று கேளுங்கள்.

நான்காம் படி: வீட்டுக்கும் கடைக்கும்

ஊருக்குப் பணம் அனுப்புபவர் பார்க்க வேண்டியது ரூபாயை அல்ல, இரண்டு டாலர் விலைகளை. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் சுமார் 83 ரூபாய், 4.78 ரிங்கிட், வகுத்தால் ஒரு ரிங்கிட்டுக்கு 17.36 ரூபாய். செப்டம்பர் கடைசியில் 83.8 ரூபாய், 4.12 ரிங்கிட், வகுத்தால் 20.3. ஆயிரம் வெள்ளிக்கு ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய் வித்தியாசம், ரூபாய் கிட்டத்தட்ட அசையவே இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, அனுப்பும் கடை தரும் விலையை ஒப்பிடுங்கள். "கட்டணம் இல்லை" என்று எழுதியிருக்கும் கடை பெரும்பாலும் மாற்று விலையில் எடுத்துக்கொள்ளும். உரிமம் உள்ளதா என்பதை பேங்க் நெகாரா பட்டியலில் பாருங்கள். உண்டியல் வழியே அனுப்புவது சட்டவிரோதம், பணம் வராமல் போனால் புகார் கொடுக்கவும் இடமில்லை. ரிங்கிட் மீண்டும் 3.80-க்குக் கட்டப்படும் என்று ஆசை காட்டி முதலீடு கேட்கும் டெலிகிராம் குழுக்களையும் அதே இணையத்தளத்தின் எச்சரிக்கைப் பட்டியலோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

தங்கத்துக்கு: ஒரு அவுன்ஸ் 31.1 கிராம். அவுன்ஸ் 3,000 டாலர், டாலர் 4.40 என்றால் சுத்தத் தங்கம் கிராமுக்கு சுமார் 424 வெள்ளி, 916 தங்கம் 389. டாலர் 4.10-க்கு வந்தால் அதே 916 சுமார் 362. உலக விலை அப்படியே நிற்க, ரிங்கிட் பலப்பட்டதாலேயே 27 வெள்ளி குறைகிறது. கடை விலைக்கும் இதற்கும் உள்ள இடைவெளி கூலியும் லாபமும். ஊழியர் சேமநிதியும் இதே தர்க்கத்தில் ஓடுகிறது: அதன் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருப்பதால், ரிங்கிட் பலப்படும் ஆண்டில் அந்த லாபம் மாற்றும்போது சுருங்கும்.

டாலரில் சரக்கு எடுக்கும் கடைக்காரர், ஆர்டர் கொடுத்த அன்றே வங்கியிடம் முன்விலை ஒப்பந்தம், அதாவது பணம் கட்டும் நாளுக்கான டாலர் விலையை இன்றே பூட்டும் ஒப்பந்தம், கேட்கலாம். 20,000 டாலர் விலைப்பட்டியல், 4.20 என்றால் 84,000 வெள்ளி. பணம் கட்டும் நாளில் 4.45 ஆனால் 89,000. எட்டு சதவீத லாபத்தில் விற்பவருக்கு 6,720-இல் 5,000 போய்விடும். ஒப்பந்தம் போட விலைப்பட்டியலையோ ஆர்டர் பத்திரத்தையோ வங்கி கேட்கும். டாலர் இறங்கினாலும் ஒப்புக்கொண்ட விலைக்கே வாங்கியாக வேண்டும், அதனால் மொத்தத்தையும் பூட்டாமல் பாதிக்கு மட்டும் போடுபவர்கள் உண்டு. தேதி விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கப்பல் இரண்டு வாரம் தாமதமாகி, பணம் கட்டும் நாள் தள்ளிப்போனால் ஒப்பந்தத்தை நீட்டிக்கத் தனிச் செலவு. தனி ஒரு தேதிக்குப் பதிலாக, இரண்டு தேதிகளுக்கு இடையில் எந்த நாளிலும் எடுத்துக்கொள்ளும்படியான ஒப்பந்தம் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். விலை சற்றே கூடும். கப்பல் வரும் தேதி உறுதியில்லாத சரக்குக்கு அதைத்தான் எடுக்க வேண்டும்.